பிலிமில் எடுப்பவர் வாங்கும் முதல் டிஜிட்டல் காம்பாக்ட்: சேலத்து நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் இன்னும் ரோல் போட்டுப் படமெடுக்கும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அவர்களில் யாராவது "சின்னதா ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கலாம்னு இருக்கேன்" என்று ஆரம்பித்தால், தொடர்ந்து வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கடையில் கிடைக்கும் விளக்கம் முதன்முதலாகக் கேமரா பிடிப்பவருக்கானது. அபெர்ச்சரும் ஷட்டரும் கைப்பழக்கமாகிவிட்டவருக்கு அது போதாது. அதனால் கேள்விகளைக் கேட்டவர் சொன்னபடியே வைத்து, என் பதிலைக் கீழே எழுதியிருக்கிறேன். விலை மாறிக்கொண்டே இருப்பதால் அதைத் தொடவில்லை.

பிலிம்ல நல்லாத்தானே வருது. எனக்கு எதுக்குங்க டிஜிட்டல்?

பிலிம் போதும் என்று தோன்றினால் வாங்கவே வேண்டாம். ஆனால் பிலிம் திணறும் இடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஆடி மாதம் சேலத்தின் குகைப் பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையை 400 ரோலில் எடுக்கப் பார்த்தவருக்குத் தெரியும்: சாமி வேஷம் கட்டியவர் அசையாமல் நின்றாலும் வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும், வெளிச்சம் 1/15 நொடிக்கு மேல் இடம் கொடுக்காது.

இன்னொன்று காத்திருப்பு. கலர் ரோலைக் கூரியரில் வெளியூர் லேபுக்கு அனுப்பி, ஸ்கேன் வந்து சேரும்போது எந்த வெளிச்சத்துக்கு என்ன வைத்தோம் என்பதே மறந்துபோகும். டிஜிட்டலில் நின்ற இடத்திலேயே பார்த்துத் திருத்தலாம். அந்தப் பாடம் அடுத்த பிலிம் ரோலுக்கும் பயன்படும்.

செலவையும் கணக்குப் போடுங்கள். ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாவற்றையும் கூட்டி 36ஆல் வகுத்தால் ஒரு படத்தின் விலை வரும். அதை வருடத்துக்கு எடுக்கும் படங்களால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

போன்லயே சூப்பரா வருதே. அதுக்கு மேல இது என்னத்தச் செய்யப் போகுது?

பகலில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, உண்மைதான். போன் நீங்கள் ஒரு தடவை அழுத்தும்போது பல படங்களை எடுத்துச் சேர்த்து, நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, விளிம்புகளைக் கூராக்கித் தருகிறது. நிழல் நிழலாகவே கிடக்கட்டும் என்று நீங்கள் நினைத்தால் அதற்குப் போன் எளிதில் விடாது. பெரும்பாலான போன்களில் அபெர்ச்சரை மாற்றவும் முடியாது. இவ்வளவு நாள் எல்லாவற்றையும் தானே தீர்மானித்துப் பழகியவருக்கு முதலில் உறுத்துவது இதுதான். நல்ல காம்பாக்ட் அந்த முடிவுகளைத் திரும்ப உங்கள் கையில் கொடுக்கிறது.

காம்பாக்ட்னா எது? சின்ன மிரர்லெஸ்ஸும் அதே சைஸ்லதானே இருக்கு?

இந்தப் பக்கத்தில் காம்பாக்ட் என்று சொல்வது லென்ஸைக் கழற்ற முடியாத, எப்போதும் கூடவே எடுத்துப் போகக்கூடிய கேமராவை. லென்ஸ் மாற்றக்கூடிய சின்ன மிரர்லெஸ் பாடியில் லென்ஸை மாட்டியதும் அது பாக்கெட்டை விட்டுப் பைக்குள் போய்விடும்.

பிலிம்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒரு பெரிய மாற்றம் இங்கே இருக்கிறது. 1979இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ உள்ளங்கையில் அடங்கும். ஆனாலும் பெரிய எஸ்எல்ஆர் பயன்படுத்திய அதே 35 எம்எம் ரோல்தான் அதற்குள்ளும் போகும், நெகட்டிவ் அளவும் அதே 36க்கு 24 எம்எம்தான். பாடி சிறிதானாலும் பிலிம் சிறிதாகவில்லை. டிஜிட்டலில் பாடி சிறிதாகும்போது பெரும்பாலும் சென்சாரும் கூடவே சிறிதாகிவிடுகிறது. அதனால் "சின்னதா, அழகா இருக்கு" என்று வெளித்தோற்றத்தைப் பார்த்து வாங்கினால் உள்ளே என்ன அளவு நெகட்டிவ் கிடைக்கிறது என்பதே தெரியாமல் போகும்.

1 இன்ச் சென்சார்னு போட்டிருக்காங்களே, அது பெருசா சிறுசா?

ஒரு அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் உண்மையான அளவு 13.2க்கு 8.8 எம்எம். பழைய வீடியோ கேமராக் குழாய்களை அளந்த முறை அப்படியே பெயரில் ஒட்டிக்கொண்டது. மலிவான காம்பாக்டுகளில் இருக்கும் 1/2.3 இன்ச் என்பது சுமார் 6.2க்கு 4.6 எம்எம்தான். ஏபிஎஸ்-சி என்பது ஏறக்குறைய 23.5க்கு 15.6 எம்எம், 1996இல் வந்த ஏபிஎஸ் பிலிமின் ஒரு ஃபிரேம் (சட்டம்) அளவுக்குப் பக்கத்தில் வருவதால் அந்தப் பெயர்.

பரப்பளவாகப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். 35 எம்எம் நெகட்டிவ் 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி சுமார் 366. 1 இன்ச் 116. 1/2.3 இன்ச் வெறும் 28. என் கருத்து: பிலிமில் எடுத்துக்கொண்டிருப்பவர் 1 இன்ச்சுக்குக் கீழே இறங்க வேண்டாம், முடிந்தால் ஏபிஎஸ்-சியிலேயே ஆரம்பியுங்கள்.

மெகாபிக்சல் எவ்வளவு இருந்தா போதுங்க?

கல்யாண ஆல்பத்தில் போடும் 12க்கு 18 பிரிண்டை எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் 3600க்கு 5400, அதாவது 19 மெகாபிக்சலைக் கொஞ்சம் தாண்டும். இப்போது வரும் நல்ல காம்பாக்டுகள் பெரும்பாலும் 20க்கு மேல்தான். பழைய 16 மெகாபிக்சல் கேமராவில் எடுத்து அதே அளவு பிரிண்ட் போட்டாலும் கையெட்டும் தூரத்தில் குறை தெரியாது. இந்த எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

என்கிட்ட 50 எம்எம் மட்டும்தான் இருக்கு. இதுல எத்தனை எம்எம் வாங்கணும்?

வாங்குவதற்கு முன்னால் அதிக நேரம் கொடுக்க வேண்டிய கேள்வி இதுதான். நிலையான லென்ஸ் உள்ள காம்பாக்டில் பிறகு லென்ஸ் மாற்றும் பேச்சே கிடையாது.

லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்துக் குழம்பாதீர்கள். ஏபிஎஸ்-சியில் அதை 1.5ஆல் பெருக்கினால் பிலிம் கணக்கு, அதாவது 35 எம்எம் பிலிமில் அதே கோணம் தரும் எண் வரும். ரிக்கோ ஜிஆர் 3இல் 18.3 எம்எம் லென்ஸ், பிலிம் கணக்கில் 28. அதன் உடன்பிறப்பான ஜிஆர் 3 எக்ஸில் அது 40. ஃபுஜிஃபிலிம் எக்ஸ்100 வரிசையில் 2011 முதல் 2024இல் வந்த எக்ஸ்100-6 வரைக்கும் ஒரே 23 எம்எம், அதாவது 35. உங்கள் 50க்கு நெருக்கம் 40தான். யாஷிகா எலக்ட்ரோ 35 வைத்திருப்பவரின் 45க்கும் அதுவே பொருந்தும்.

எந்த எண் உங்களுக்கு என்று தெரிய, பழைய நெகட்டிவ் ஷீட்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். ஏற்காடு சாலையில் நிற்கும் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவை 50இல் எடுக்கும்போது பின்னால் போய்க்கொண்டே இருந்தீர்களா? செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைக்குள் சுவரில் முதுகு இடித்ததா? அப்படியானால் 28 உங்களுக்கு விடுதலை. மாறாக, உங்கள் நல்ல படங்களில் பெரும்பாலும் ஒரு முகமோ ஒரு கையோ மட்டும் இருந்தால் 28 வாங்கி வருந்துவீர்கள்.

28ஐ வாங்கி வெட்டிக்கொள்ளலாமே என்பார்கள். ஜிஆர் 3இல் 50 அளவுக்கு வெட்டும் வசதி இருக்கிறது; ஆனால் 24 மெகாபிக்சல் சுமார் 7 ஆகிவிடும். எப்போதாவது ஒரு படத்துக்குச் சரி, தினமும் வேண்டாம்.

ஜூம் இருந்தா இந்தக் குழப்பமே இல்லையே?

குழப்பம் குறையும், சென்சாரும் குறையும். சோனி ஆர்எக்ஸ்100-3, பிலிம் கணக்கில் 24 முதல் 70 வரை. கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 2, 24 முதல் 100 வரை. இரண்டும் 1 இன்ச். பானசோனிக் எல்எக்ஸ்100 இவற்றைவிடப் பெரிய சென்சாரோடு 24 முதல் 75 வரை தருகிறது. லென்ஸைச் சுற்றி அபெர்ச்சர் வளையம், மேலே ஷட்டர் டயல் என்று பிலிம் கைக்கு அது உடனே பழகிவிடும்.

வீட்டு விசேஷம், சுற்றுலா, குழந்தைகள் என்று எல்லாவற்றுக்கும் ஒரே கேமரா வேண்டுமென்றால் ஜூம் சரி. ஏற்காட்டில் பறவை எடுக்க என்று மட்டும் இவற்றை வாங்காதீர்கள். 100 எம்எம்மில் பறவை ஒரு புள்ளி.

எஃப் 1.8னு போட்டிருக்கே. என் 50 எஃப் 1.8 மாதிரி பின்னாடி மங்கலாகுமா?

ஆகாது. வெளிச்சக் கணக்குக்கு எஃப் 1.8 எங்கேயும் எஃப் 1.8தான், மீட்டர் சொல்வது மாறாது. பின்னணி மங்கும் கணக்கு மட்டும் சென்சாரோடு மாறும். 1 இன்ச் கேமராவில் எஃப் 1.8 வைத்தால் பிலிமில் அதே கோணத்துக்கு எஃப் 5 வைத்தது போல இருக்கும். எக்ஸ்100இன் எஃப் 2 பிலிமின் எஃப் 3க்குச் சமம். ஜிஆரின் எஃப் 2.8 எஃப் 4க்குச் சற்று மேல்.

மங்கலான பின்னணியோடு முகம் எடுப்பதுதான் உங்கள் ஆசை என்றால் அந்த வேலைக்குப் பழைய 50ஐயும் பிலிமையும் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சொல்லும் எந்தக் காம்பாக்டும் அதற்கு ஈடாகாது.

வியூஃபைண்டர் இல்லாம கையை நீட்டிப் பிடிச்சு எடுக்க வரவே மாட்டேங்குது. என்ன பண்றது?

இது சின்னப் பிரச்சினை இல்லை. சேலத்து மத்தியான வெயிலில் பின்பக்கத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். கேமராவை நெற்றியோடு ஒட்டிப் பிடிக்கும்போது கிடைக்கும் உறுதியும் போய்விடும்.

எக்ஸ்100 வரிசையில் கண்ணாடி வழியாகப் பார்க்கும் பழைய ரகமும் மின் திரையும் ஒன்றாக இருக்கின்றன. ஒரு சிறு நெம்பைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். கண்ணாடி வழியாகப் பார்க்கையில் ரேஞ்ச்ஃபைண்டர் போலவே பக்கத்துப் பொருளுக்குச் சட்டம் விலகும், அதுவும் உங்களுக்குப் பழக்கம்தான். ஆர்எக்ஸ்100இல் மூன்றாவது மாடலில் இருந்து மேலே எழும்பும் மின் வியூஃபைண்டர் வந்தது. எல்எக்ஸ்100இலும் உண்டு. ஜிஆரில் இல்லை; மேலே மாட்டும் தனி வியூஃபைண்டர் கிடைக்கும். அது சட்டத்தை மட்டும் காட்டும், ஃபோகஸ் எங்கே பிடித்தது என்று சொல்லாது. மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கடையில் அதோடு பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

மீட்டர் சரியாத்தான் வைக்கிறேன். ஆனா வெள்ளையெல்லாம் வெளுத்துப் போகுதே?

பிலிமில் இருந்து வரும் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது. கலர் நெகட்டிவில் நிழலுக்கு மீட்டர் வைத்து, சந்தேகம் வந்தால் ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்துப் பழகியிருப்போம். நெகட்டிவ் வெளிச்சப் பக்கம் நிறையத் தாங்கும். கூடுதல் வெளிச்சம் நெகட்டிவை அடர்த்தியாக்கும், அதற்குள் விவரம் மிச்சமிருக்கும். டிஜிட்டல் சென்சார் ஒரு எல்லையைத் தொட்டதும் நின்றுவிடும். அதற்கு மேல் வந்த வெளிச்சம் எல்லாம் ஒரே வெள்ளை, எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. நிழல் பக்கம் நேர் எதிர்: ரா (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) வடிவில் எடுத்தால் இருட்டில் இருந்து நிறையத் தோண்டி எடுக்கலாம். ஸ்லைடு பிலிம் போட்டுப் பழகியவர் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார். வெளிச்சத்துக்கு மீட்டர் வையுங்கள், நிழலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர் உதாரணம் சேகோ பேக்டரியின் காயவைக்கும் களம். வெயிலில் பரப்பிய ஜவ்வரிசி சட்டம் முழுக்க நிறையும்போது எந்த மீட்டரும் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் கூட்ட வேண்டும். பிலிமில் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு ஸ்டாப் கூட்டலாம். டிஜிட்டலில் ஒன்றில் ஆரம்பித்து, ஹிஸ்டோகிராம் (இருட்டில் இருந்து வெளிச்சம் வரை படத்தின் அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் குறையுங்கள். அதே களத்தில் கிளறிக்கொண்டிருக்கும் அக்காவின் முகம் சட்டத்தின் நடுவில் வந்தால் மீட்டர் வேறு சொல்லும், ஆனால் ஜவ்வரிசியின் வெளிச்சம் மாறவில்லை. மேனுவலில் வைத்துவிட்டால் இந்த ஊசலாட்டம் இருக்காது.

வெள்ளிக் கொலுசில் மின்னும் புள்ளிகள் வெளுத்தால் விட்டுவிடுங்கள். அவை வெள்ளையாக இருப்பதுதான் இயல்பு. விவரம் வேண்டிய வெள்ளை எது, வேண்டாத வெள்ளை எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் பழக வேண்டியது. வெளுத்த இடம் கண்சிமிட்டும்படி ஓர் எச்சரிக்கை அநேகமாக எல்லாக் கேமராவிலும் இருக்கும், முதல் நாளே அதைப் போட்டுவையுங்கள்.

ரா எடுக்கணுமா, ஜேபெக்கே போதுமா?

ரா நெகட்டிவ், ஜேபெக் லேப் போட்டுக் கொடுத்த பிரிண்ட். இரண்டையும் சேர்த்துப் பதிய வைக்க முடியும், அப்படியே செய்யுங்கள். முந்தைய பதிலில் சொன்ன நிழலைத் தோண்டும் வேலைக்கு ரா அவசியம். மார்ச், ஏப்ரலில் மழை விழுந்ததும் காபிச் செடி பூக்கும்போது, சில்வர் ஓக் நிழலுக்குள் வெள்ளைப் பூவின்மேல் மட்டும் வெயில் விழும் காட்சி ஏற்காடு எஸ்டேட்டுகளில் கிடைக்கும். ஜேபெக்கில் பூ இருந்தால் இலை இருக்காது. ராவில் இரண்டும் இருக்கும்.

ஃபுஜியில பிலிம் சிமுலேஷன் இருக்காமே. அதைப் போட்டா பிலிம் மாதிரியே வருமா?

வெல்வியா, புரோவியா, அஸ்டியா என்பவை ஃபுஜியின் சொந்த ஸ்லைடு பிலிம்களின் பெயர்கள். அக்ரோஸ் அவர்களுடைய கறுப்பு வெள்ளை. அந்த நிறப்போக்கைத் தெரிந்தவர்களே செய்ததால் நன்றாகவே இருக்கும். ஆனால் மாறுவது நிறமும் கான்ட்ராஸ்ட்டும்தான். வெளிச்சம் எல்லையைத் தொட்டதும் நிற்கும் குணம் மாறாது. கலர் நெகட்டிவின் அந்த மெல்ல மங்கும் வெள்ளையை எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கேமராவுக்குள்ளேயே ராவை எடுத்து, பிறகு வேறு சிமுலேஷனில் ஜேபெக் செய்யலாம் என்பது எனக்குப் பெரிய வசதியாகத் தெரிகிறது. ஒரே நெகட்டிவை வேறு வேறு தாளில் பிரிண்ட் போட்டுப் பார்க்கும் சந்தோஷம் அதில் கிடைக்கும். கம்ப்யூட்டர் முன் உட்காரப் பிடிக்காதவர்களுக்கு ஃபுஜியைச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

400க்கு மேல போனதே இல்லைங்க. 3200, 6400லாம் தைரியமா வைக்கலாமா?

வைக்கலாம். ஏபிஎஸ்-சியில் 3200 சுத்தமாக இருக்கும், 6400ஐப் பிரிண்ட் போடலாம். எச்பி5 ரோலை 1600க்குப் புஷ் செய்து கழுவிய குருணையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது உறுத்தாது. 1 இன்ச்சில் 1600 வரை நிம்மதி, 3200 அவசரத்துக்கு. ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்து, உச்சம் இவ்வளவு, ஷட்டர் 1/125க்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லிவிட்டால் வண்டி வேடிக்கைக்கு அதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை உண்டு. சீரியல் செட், எல்இடி அலங்காரங்களுக்கு நடுவே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், பல விளக்குகள் நொடிக்கு 100 தடவை துடிக்கும். சாதா ஷட்டரில் 1/100 அல்லது 1/50 வைத்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

ஏற்காட்டுல பனி இறங்கினா ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் அலையுது. கேமராவுல கோளாறா?

கோளாறு இல்லை. ஃபோகஸ் பிடிக்க ஒரு விளிம்பு வேண்டும், பகோடா பாயின்ட்டில் மேகம் ஏறும்போது விளிம்பே இருக்காது. பிலிம் கேமராவில் செய்ததையே செய்யுங்கள்: தூரத்தைக் கையால் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

முன்பு சொன்ன சென்சார் கணக்கு இங்கே நமக்கு லாபம். பிலிமில் 28 எம்எம், எஃப் 8, 3.5 மீட்டர் வைத்தால் சுமார் 1.7 மீட்டரில் இருந்து தெளிவு ஆரம்பிக்கும். ஜிஆரில் எஃப் 8, 2.5 மீட்டர் வைத்தால் ஒன்றேகால் மீட்டருக்குள்ளேயே ஆரம்பித்துக் கடைசி வரை போகும். ரிக்கோவில் ஸ்னாப் ஃபோகஸ் என்று இதற்கென்றே ஒரு முறை இருக்கிறது, பட்டனை ஒரேயடியாக அழுத்தினால் குறித்த தூரத்துக்குப் போய் உடனே எடுத்துவிடும். தெருவில் எடுப்பவர்கள் ஜிஆரை விடாமல் இருப்பதற்கு இந்த ஒன்றே போதுமான காரணம். எக்ஸ்100இலும் கையால் தூரம் வைக்கலாம், திரையில் தூர அளவு தெரியும்.

பனிக்கு மீட்டர்? ஜவ்வரிசிக்குச் சொன்னதேதான், ஆனால் முக்கால் ஸ்டாப் கூட்டினால் போதும்.

கிளியூர் அருவியில தண்ணியை இழுத்து எடுக்கணும். காம்பாக்ட்ல ஃபில்டர் மாட்ட முடியாதே?

மாட்ட வேண்டியதில்லை. ஜிஆர் 3க்குள் 2 ஸ்டாப் என்டி (வெளிச்சத்தைக் குறைக்கும்) ஃபில்டர் இருக்கிறது, எக்ஸ்100-5இல் இருந்து 4 ஸ்டாப். அதைப் போட்டுக்கொள்ளுங்கள். எஃப் 16க்கு ஓடினால் சிறிய சென்சாரில் படம் மழுங்கும்.

மேல பனி, கீழ தூசி. எந்தக் கேமரா தாங்கும்?

முழுதாகத் தாங்குவது இந்த வரிசையில் எதுவுமில்லை. எக்ஸ்100-5, எக்ஸ்100-6 இரண்டிலும் முன்வளையமும் ஃபில்டரும் மாட்டினால் ஓரளவு தூசி, தூறல் தாங்கும். ஜிஆருக்கு அந்தக் காப்பு இல்லை. உள்ளே தூசி போனால் சென்சாரில் ஒட்டும். லென்ஸ் கழற்ற முடியாததால் வீட்டில் துடைக்கவும் முடியாது, சர்வீஸில் பிரிக்க வேண்டும். நீண்டு சுருங்கும் ஜூம் லென்ஸ்களுக்கும் இதே கதி. அதனால் வெறும் பாக்கெட்டில் போடாமல் ஒரு சின்ன உறையில் போடுங்கள். பைக்கில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுபவர்கள் அதைப் பெட்டியில் வைக்காமல் உடம்போடு வைத்துக்கொள்வது நல்லது, அதிர்வு குறையும்.

ஈரம் படிவது ஏறும்போது அல்ல, இறங்கும்போது. ராத்திரிக் குளிரில் ஊறிய கேமராவைக் கீழே கொண்டுவந்து வெதுவெதுப்பான ஈரக்காற்றில் திறந்தால் லென்ஸ் உள்ளும் புறமும் வியர்க்கும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரிலேயே அரைமணி நேரம் விட்டுவிட்டுத் திறங்கள். ஏசி அறையில் இருந்து வெளியே எடுக்கும்போதும் அப்படியே. ஏற்காட்டில் குடியிருப்பவர்கள் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். தோல் உறைக்குள் வைத்துப் பூட்டினால் பூஞ்சை நிச்சயம். கழற்ற முடியாத லென்ஸில் பூஞ்சை வந்தால் கேமராவே போனது மாதிரி.

பேட்டரி எத்தனை நாள் வரும்?

நாள் கணக்கை மறந்துவிடுங்கள். ஜிஆர் 3க்குச் சுமார் 200 படம். எக்ஸ்100-5க்கு அதைவிட நன்றாக வரும். இரண்டையும் பவர் பேங்கில் சார்ஜ் போடலாம். ஆனாலும் கூடுதல் பேட்டரி ஒன்று கட்டாயம்.

எல்லாம் சரிங்கண்ணா. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, எதை வாங்க?

ரேஞ்ச்ஃபைண்டரில் பழகி, கண்ணில் வைத்துத்தான் பார்ப்பேன் என்பவர் எக்ஸ்100. எந்தத் தலைமுறையானாலும் கைக்குள் அதே உணர்வுதான். தெருவில் நடந்துகொண்டே எடுப்பவர், சட்டைப் பாக்கெட்டைத் தாண்டி எதையும் சுமக்க விரும்பாதவர் ஜிஆர். 28ஆ 40ஆ என்பதை நெகட்டிவ் ஷீட்டுகள் சொல்லும். எடையும் பாருங்கள்: ஜிஆர் 3 பேட்டரியோடு 257 கிராம், எக்ஸ்100-5 ஏறக்குறைய இரண்டு மடங்கு. வீட்டில் எல்லோரும் எடுக்க வேண்டும் என்றால் எல்எக்ஸ்100.

இரண்டுக்கு நடுவே தடுமாறினால் நான் எக்ஸ்100 பக்கம் சாய்வேன். பிலிமில் இருந்து வருபவர் டிஜிட்டலைப் பாதியில் கைவிடுவது படத்தின் தரத்தால் இல்லை, பார்க்கும் விதம் மாறிப்போவதால்தான் என்பதை நண்பர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கலாமா? என்ன பார்த்து வாங்கணும்?

தாராளமாக. எக்ஸ்100டி, எக்ஸ்100எஃப், 2013இன் ஜிஆர், 2015இன் ஜிஆர் 2 எல்லாமே ஏபிஎஸ்-சி, இன்றைக்கும் நல்ல படம் தருபவை. பழைய இரண்டு ஜிஆரிலும் உள்ளே ஃப்ளாஷ் இருக்கும், ஜிஆர் 3இல் கிடையாது.

கையில் வாங்கியதும் எஃப் 16 வைத்து வெறும் வானத்தை எடுத்து முழுதாகப் பெரிதாக்கிப் பாருங்கள், சாம்பல் பொட்டுகள் தெரிந்தால் சென்சாரில் தூசி. லென்ஸை மூடி ஒரு நொடி எக்ஸ்போஷர் கொடுத்தால், இருட்டிலும் ஒளிரும் பழுதான பிக்சல்கள் தெரியும். முதல் எக்ஸ்100இல் அபெர்ச்சர் இதழ்கள் ஒட்டிக்கொள்ளும் கோளாறு அறியப்பட்ட ஒன்று. எஃப் 2, எஃப் 8, எஃப் 16 என்று மாற்றி மாற்றி எடுத்து வெளிச்சம் சரியாக மாறுகிறதா என்று பாருங்கள். லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பூஞ்சை பார்க்கும் வித்தை உங்களுக்கே தெரியும். பேட்டரி உப்பியிருக்கக் கூடாது. பில்லில் இருக்கும் சீரியல் நம்பர் பாடியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஜப்பானில் விற்ற சோனியாக இருந்தால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கலாம், வாங்குவதற்கு முன் மெனுவைத் திறந்து பாருங்கள்.

நெகட்டிவ் அலமாரியில பத்திரமா இருக்கு. இந்தப் படமெல்லாம் நிக்குமா?

இரண்டு இடத்தில் வைத்தால் நிற்கும். ஒரு ஹார்ட் டிஸ்க் வீட்டில், இன்னொன்று அண்ணன் தம்பி வீட்டில். மெமரி கார்டைச் சேமிப்பாக நினைக்க வேண்டாம். போலிக் கார்டுகளும் நிறைய, பில் போட்டுக் கொடுக்கும் கடையிலேயே வாங்குங்கள். பிடித்த படங்களை வருடத்துக்கு ஒருமுறை பிரிண்ட் போட்டு வையுங்கள்.

கடைசியா ஒண்ணு. என் பழைய நெகட்டிவ்களை இதுலயே ஸ்கேன் பண்ணிக்கலாமா?

பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வரும். ஜிஆர் 3இன் மேக்ரோவில் 6 சென்டிமீட்டர் வரை நெருங்கலாம். அவ்வளவு நெருங்கியும் 35 எம்எம் நெகட்டிவ் சட்டத்தின் அகலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் நிரப்பும். மீதிப் பிக்சல்கள் வீண். எல்இடி லைட் பேனலின்மேல் நெகட்டிவைத் தட்டையாக வைத்து, கேமராவை ஸ்டாண்டில் நேர் இணையாகப் பொருத்தி, எஃப் 5.6, குறைந்த ஐஎஸ்ஓ, இரண்டு நொடி டைமர், ரா. பிறகு மென்பொருளில் நிறத்தைத் திருப்ப வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு இது எளிது. கலர் நெகட்டிவின் ஆரஞ்சுப் படலத்தைச் சரிசெய்யக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எக்ஸ்100 10 சென்டிமீட்டருக்கு மேல் நெருங்காது, அதில் இன்னும் சிறிதாக விழும். எந்த நெகட்டிவைப் பெரிய பிரிண்ட் போடப் போகிறீர்களோ அதை மட்டும் லேபுக்கு அனுப்பி நல்ல ஸ்கேன் வாங்குங்கள். கூரியர் செலவு அந்தச் சில படங்களுக்குத் தகும்.